மையத்தை நோக்கி இழுத்தால் ஊர் எல்லை கச்சிதமாகுமா?

செக்காலைத் தம்பி: செட்டிநாட்டு ஊர்கள் பரவுவதை வைத்து ஒரு விளையாட்டு எழுதுகிறேன். வரைபடம் முழுக்கச் சிறு கட்டங்கள். எந்த ஊரின் விசை அதிகம் இழுக்கிறதோ, கட்டம் அந்த ஊர் நிறத்துக்கு மாறும். ஓடவிட்டால் கானாடுகாத்தான் பள்ளத்தூர் பக்கம் வால் நீட்டுகிறது, வால் அறுந்து தீவாகவும் நிற்கிறது. ஒவ்வொரு ஊரையும் அதன் நிறைமையத்தை, அதாவது அதன் கட்டங்களின் சராசரி இடத்தை, நோக்கி இழுத்தால் போதும் என்பது என் கட்சி.

கண்மாய்க்கரை: போதாது தம்பி. கண்மாயை மூன்று பக்கம் வளைத்துக் கிடக்கும் ஊருக்கு நிறைமையம் தண்ணீருக்குள் விழும். கட்டங்கள் கரையில் போய் நெருக்கும், வெளிப்பக்கத்து நல்ல நிலம் பக்கத்து ஊருக்குப் போய்விடும். எல்லையைக் கவனி. வேற்று நிறம் தொடும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு செலவு வை. வால்நுனிக் கட்டத்துக்கு மூன்று பக்கமும் வேற்று நிறம், அதுதான் முதலில் உதிரும். கலந்து கிடக்கும் உயிரணுக்கள் வகைவாரியாகப் பிரிவதைக் கணினியில் காட்ட 1992-இல் கிரானரும் கிளேசியரும் செய்தது இதைத்தான்.

செக்காலைத் தம்பி: அதையும் ஓட்டினேன் அண்ணே. சின்ன ஊர்கள் சுருங்கிச் சுருங்கிக் காணாமலே போகின்றன.

கண்மாய்க்கரை: அவர்கள் ஒவ்வொரு உயிரணுவுக்கும் ஓர் இலக்குப் பரப்பும் வைத்தார்கள். அதிலிருந்து விலகினால், விலகலின் வர்க்கத்துக்கு ஏற்பச் செலவு. அது இல்லாமல் சின்ன ஊர் பிழைக்காது. அப்புறம், மூலைவிட்டத்தில் இருக்கும் கட்டங்களையும் எண்ணு. நான்கு பக்கத்தை மட்டும் எண்ணினால், சதுரத்தின் மூலையைச் செதுக்கினாலும் சுற்றளவு அதேதான் வரும். ஊர் உருண்டு திரள வழியே இருக்காது.

கோனாபட்டுவாசி: கச்சிதம் நல்லது என்று முடிவுகட்டிவிட்டே இருவரும் பேசுகிறீர்கள். நகரத்தாருக்கு ஒன்பது கோயில் பிரிவு. இளையாத்தங்குடிக் கோயில்காரர்கள் ஒரே ஊரிலா இருக்கிறார்கள்? பல ஊர்களில் கலந்து கிடக்கிறார்கள். 1948-இல் இந்தியாவோடு சேரும்வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம். எங்கள் ஊர் அதற்குள், காரைக்குடி வெளியே. நடுவில் கோடு போனாலும் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. எல்லாரையும் திரட்டி உருட்டினால் அது நம் சீமையே இல்லை.

கண்மாய்க்கரை: அது உறவு, நிலம் இல்லை. ஒரு கட்டத்தில் இரண்டு கோயில்காரர் குடியிருக்கலாம், ஆனால் அந்தக் கட்டம் இரண்டு ஊருக்குச் சேராது. கோயிலைக் கட்டத்துக்குள் எழுதலாம், நிறத்தில் எழுதக் கூடாது.

கோனாபட்டுவாசி: உறவு இருக்கும் பக்கம்தானே ஊர் நீளும்? அதை விசையில் சேர்க்காமல் பரவலை எப்படிக் காட்டுவீர்கள்?

செக்காலைத் தம்பி: சேர்க்கிறேன் அண்ணே, தனி விசையாக. ஆனால் மைய விசையை முழுசாக எடுக்க மாட்டேன். அறுந்த தீவு பெரிதாக இருந்தால் எல்லைச் செலவு மட்டும் அதைக் கரைக்க நெடுநேரம் ஆகிறது. கச்சிதத்தை அளக்க ஓர் எண் உண்டு: 4π-ஐப் பரப்பால் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்தால் வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.785 வரும். இரண்டு முறையிலும் ஊர்வாரியாக அந்த எண்ணை எடுத்து இங்கேயே போடுகிறேன்.

கண்மாய்க்கரை: போடு. கண்மாயை வளைத்த ஊர்களைத் தனியாகக் காட்டு, சராசரியில் கலக்காதே.