பழைய அதிர்ச்சி உடம்பை விட்டுப் போகாதவர்களோடு இருந்திருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடற்கரைப் பொண்ணு

போன மாதம் நடந்தது. மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு ஊர் நாகப்பட்டினம் பக்கம் அக்கரைப்பேட்டை. 2004 சுனாமி அலை வந்த அன்று தங்கச்சி, அவர் மகள், அவர் கையிலிருந்து நழுவிப் போனாள், ஆறு வயது. மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. தொழிலுக்குப் போகிறார், வலை பின்னுகிறார், கல்யாணம் காட்சிக்கு வருகிறார். நல்லாத்தான் இருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். காலை ஒன்பது மணி இருக்கும், டிப்பர் லாரி ஒரு லோடு ஜல்லியைக் கொட்டியது. முதலில் கரகரவென்று ஆரம்பித்து, அப்புறம் ஒரே இரைச்சல். சித்தப்பா என் மகனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிட்டார். நான் ஏறிப் போனபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிள்ளையை இறுக்கிக்கொண்டு நிற்கிறார். அவன் கையில் அவர் நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. நான் கத்திவிட்டேன், “அதெல்லாம் முடிஞ்சு இருபது வருஷமாச்சு சித்தப்பா!” என்று. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?”

பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் தாளில் மூளையை வரைந்து காட்டினார். பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்று ஒன்று. ஆபத்து என்று மணி அடிப்பது அதன் வேலை, நாம் யோசித்து முடிப்பதற்குள் அடித்துவிடும். எங்கே, எப்போது நடந்தது என்று முத்திரை குத்துவது ஹிப்போகாம்பஸ். ‘சும்மா இரு, இது லாரி’ என்று அடக்குவது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி. சித்தப்பாவுக்கு மணி சட்டென்று அடித்துவிடுகிறது, முத்திரை சரியாக விழவில்லை, அடக்குகிற கையும் தளர்ந்திருக்கிறது. ஹிப்போகாம்பஸ் சுருங்கிப் போகும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அன்று மாடியில் அவர் நின்றது 2004-இல். அவரிடம் போய் நான் வருடக் கணக்குச் சொல்லியிருக்கிறேன்.

இருப்புப்பாதை

சுருங்கிவிடும் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், சகோதரி. எனக்கும் அதைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள், நானே தேடிப் படித்தேன். வியட்நாம் போருக்குப் போய்வந்தவர்களையும், போருக்கே போகாத அவர்களுடைய ஒரு கரு இரட்டையர்களையும் சேர்த்து ஸ்கேன் செய்த ஆய்வு 2002-இல் வந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருந்தது. ஊரிலேயே இருந்த சகோதரருக்கும் அதே போலச் சிறிதுதான்! அப்படியென்றால் சிலருக்கு முன்பிருந்தே அப்படி இருக்கலாம். சித்தப்பாவின் மூளை வருடா வருடம் கரைகிறது என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் ரயில் ஓட்டுகிறவன். விடிகாலை, ஒரு வளைவு. ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தார். ஹாண்டில்பாரில் எவர்சில்வர் டிபன் கேரியர், ஹெட்லைட்டில் பளிச்சென்றது. எமர்ஜென்சி பிரேக் போட்டேன். போட்டவுடன் நிற்கிற வண்டியா அது.

அவர் முகம் எனக்கு நினைவில்லை. கேரியரின் நடுத்தட்டில் ஒரு நெளிசல் இருந்தது, அது நினைவிருக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் நாரட்ரினலின் என்ற ரசாயனம் பெருகி ஏதோ ஒரு துணுக்கை ஆழமாகப் பதித்துவிட்டு, சுற்றியிருப்பதை மங்கவிட்டுவிடும் என்றார் மருத்துவர். அதற்கப்புறம் வீட்டில் கேரியரைப் பார்த்தாலே கை பிரேக்கைத் தேடும். மனைவி பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறிவிட்டாள்.

செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை, ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். மாத்திரை சில மணி நேரத்திலேயே மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டத் தொடங்கிவிடுமாம். ஆனால் அதை ஒட்டி நரம்பிணைப்புகள் மாறிவர வாரக்கணக்காகுமாம். கூடவே பேச்சு சிகிச்சை. கண்ணை மூடிக்கொண்டு அந்த வளைவை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி. எட்டாவது தடவைதான் அழுகை வராமல் சொன்னேன். பழைய பயம் அழிவதில்லையாம். அதன் மேல் ‘கேரியர் என்றால் சாப்பாடு’ என்று புதுப் பாடம் படிகிறது.

வன்னி மகள்

அண்ணா சொல்வது பயத்தின் கதை. எங்கட அம்மாவில் பயம் வெளியே தெரியவே இல்லை, அதில்தான் நாங்கள் ஏமாந்தோம்.

2009-இல் இரண்டு அண்ணன்மாரும் இல்லாமல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தோம். அம்மா அழவில்லை. நெஞ்சு எரியுது, உடம்பெல்லாம் தீப்போல இருக்குது என்பா. குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தோம், ஈசிஜி எடுத்தோம், தைராய்டு பார்த்தோம். எல்லாம் சரி என்றார்கள். எங்கட சனம் மனநோவை உடம்பு நோவாகத்தான் சொல்லும் என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எவ்வளவு காலமாக எழுதிவருகிறார். எனக்கு அது அப்போது தெரியாது.

தங்கச்சி மகளின் சாமத்தியச் சடங்கு அன்று வீடு நிறையச் சனம். அம்மா கிணற்றடியில் இருந்து ஒரு சுளகு சின்ன வெங்காயத்தைக் கழுவுறா. கழுவி முடித்ததைத் திரும்பவும் வாளிக்குள் கொட்டிக் கழுவுறா. “அம்மா, பிள்ளை சீலை உடுத்திட்டாள், பார்க்க வாங்கோ” என்றேன். “பார்த்திட்டன்” என்றா. அவ பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்தான் என்னை இரவில் எழுப்புகிறது.

ரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாதோ என்று பிறகு மருத்துவரிடம் கேட்டேன். அப்படி ஒரு சோதனை இல்லையாம். கடும் மனச்சோர்வில் பலருக்குக் கோர்ட்டிசோல் என்ற மனஅழுத்த ஹார்மோன் கூடி நிற்கும். அதிர்ச்சிக்குப் பின் வரும் நோயில் அது சிலருக்குக் குறைந்தே இருக்கும். அந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மனச்சோர்வும் சேர்ந்தே இருக்குமாம். அம்மாவுக்கு இரண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்

நாகப்பட்டினத்தில் அந்த டிசம்பர் கடைசியில் முகாமில் இருந்தேன். பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு தாயிடம் “அழுதுடும்மா, அழுதுடு” என்று மூன்று தடவை சொன்னேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். அவர் செய்ததுதான் சரி என்று தெரிய எனக்குப் பல வருடம் ஆனது.

அதனால் சொல்கிறேன், சம்பவம் நடந்த கையோடு யாரையும் சொல்லு, அழு என்று வற்புறுத்தாதீர்கள். சாப்பாடு, போர்வை, உறவுக்காரர் எங்கே இருக்கிறார் என்ற தகவல், அருகில் ஒரு ஆள். முதலில் அது போதும். ரயில் தம்பி பெற்ற சிகிச்சை பயிற்சி பெற்றவர் முன்னால் நடக்க வேண்டியது. அதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் சித்தப்பாவை உட்காரவைத்து அலைக் கதையைக் கேட்டுவிடாதீர்கள்.

தம்பியோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. இரட்டையர் ஆய்வைச் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அது ஒரு ஆய்வு, இந்த விவாதம் இன்னும் தீரவில்லை. ‘முன்பிருந்தே அப்படி’ என்ற சொல் ஒரு குடும்பத்துக்குள் போனால் ‘அவன் பிறவியே பலவீனம்’ என்று ஆகிவிடும், பார்த்திருக்கிறேன்.

தூக்கத்துக்கென்று அல்பிரசோலம் மாதிரி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரைகள் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லிவிட்டது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. குடியை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ராத்திரி யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் இந்தியாவில் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் 1926. மகளே, அம்மாவை வெங்காயத்திடமிருந்து எழுப்பாதே. பக்கத்தில் உட்கார்ந்து நீயும் கழுவு.

கடற்கரைப் பொண்ணு

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மறுபடி லோடு வந்தது. லாரி வருவதற்கு முன்பே சொல்லச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டிருந்தேன், சொன்னார். சித்தப்பாவிடம் “ஜல்லி கொட்டப் போறாங்க, இப்ப மணி பதினொண்ணு இருபது” என்றேன். கொட்டியபோது எழுந்து மாடிப்படி ஏறத்தான் செய்தார், பிள்ளையைத் தூக்கவில்லை. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. லாரி போய் வெகுநேரம் கழித்து, “முக்கால் ஜல்லியா, ஒண்ணரையா?” என்று கேட்டார்.