சிறிய கிராமப்புற மருத்துவமனையில் கேஸ் மேனேஜ்மென்ட்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
நான் 30 படுக்கைகள் கொண்ட கிராமப்புற மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறேன். இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெற்றுத் தேறி வீடு திரும்புகிறவர்களில் சிலர், சில வாரங்களிலேயே அதே மூச்சிரைப்போடு மீண்டும் வந்து சேர்கிறார்கள். சேர்க்கை முதல் வீட்டுப் பராமரிப்பு வரை ஒரு நோயாளிக்கு ஒருவரே பொறுப்பாக இருக்கும் கேஸ் மேனேஜ்மென்ட் முறையைக் கொண்டுவர நிர்வாகம் விரும்புகிறது. ஆனால் புதிய பணியிடம் எதுவும் தரப்படாது. எப்படித் தொடங்கலாம்?

வார்டு மேற்பார்வைச் செவிலியர்:
எல்லா நோயாளிகளையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். படிவங்கள் நிரம்பின, நோயாளிகளுக்கு எதுவும் மாறவில்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்துத் தரவுகளைக் கொண்டு உருவாக்கப்பட்டு 2010இல் வெளியான 'லேஸ்' மதிப்பெண் உதவும். தங்கிய நாட்கள், அவசரமாகச் சேர்க்கப்பட்டாரா என்பது, உடனிருக்கும் பிற நோய்கள், முந்தைய 6 மாதங்களில் அவசரப் பிரிவுக்கு வந்த தடவைகள் ஆகிய நான்குக்கும் தரப்படும் மதிப்பெண்களைக் கூட்டினால் 19 வரை வரும். 10 அல்லது அதற்கு மேல் பெறுகிறவர் மீண்டும் சேர்க்கப்படும் அபாயம் அதிகம் எனக் கொள்வது வழக்கம். இதற்குக் கணினிகூட வேண்டாம்.

மருத்துவர்:
மதிப்பெண் ஆளைக் காட்டும், அவ்வளவுதான். உண்மையான வேலை டிஸ்சார்ஜ் நாளில் இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே உள்ள மாத்திரைகளையும் புதிய சீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால், வேறு வணிகப் பெயரில் உள்ள ஒரே மருந்தை நோயாளி இரட்டிப்பாக விழுங்கக்கூடும். மருந்து முறையை நாம் சொல்வதோடு நிறுத்தாமல், அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர் தினமும் காலையில் எடை பார்த்து, 3 நாட்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால், மூச்சு முட்டும்வரை காத்திராமல், உடனே தெரிவிக்க வேண்டும். யாரிடம் தெரிவிப்பது என்பதற்குச் சீட்டிலேயே ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. அந்தப் பெயருக்குரியவர் இரவுப் பணியில் இருந்தால்?

வார்டு மேற்பார்வைச் செவிலியர்:
எங்கள் முயற்சி முதலில் முறிந்தது அங்கேதான். வாரத்தில் குறிப்பிட்ட சில மணி நேரம் அந்தச் செவிலியரை வேறு எந்தப் பணிக்கும் அழைக்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் பெறுங்கள்; அவர் விடுப்பில் இருக்கும்போது அழைப்பை ஏற்கும் இரண்டாம் ஆளையும் அதிலேயே குறிப்பிடுங்கள். அது கிடைக்கும்வரை ஐந்து நோயாளிகளுக்கு மேல் ஏற்க வேண்டாம்.