94 ஹக்கீமா, இன்றைய யோகிச்சா?

முப்பத்துநாலு:
நேற்று ஒருவர் போகிற போக்கில், "ஹக்கீம் ஒலாஜுவான் எல்லாம் இன்றைக்கு வந்தால் பெஞ்சில்தான் உட்காருவார், யோகிச் காலத்து என்பிஏ வேறு" என்று எழுதிவிட்டுப் போனார். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஹக்கீம் அன்றைய ஹூஸ்டன் ராக்கெட்ஸின் சென்டர், யோகிச் இன்றைய டென்வரின் சென்டர், அதாவது வளையத்தருகே ஆடும் உயரமான ஆள். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை, சொல்லிவிடுகிறேன். 1993-94 பருவத்தில் ஹக்கீம் எம்விபி (பருவத்தின் மிகச் சிறந்த வீரர்), சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடரின் எம்விபி மூன்றையும் சேர்த்து வாங்கினார். ஒரே பருவத்தில் இந்த மூன்றும் இன்றுவரை வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. வாழ்நாளில் மொத்தம் 3,830 பிளாக், அதாவது எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிட்டது. அந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை. பெஞ்சாம் பெஞ்சு!

மைல்_உயரம்:
எழுதியது நான்தான். பெஞ்சு என்றது கொஞ்சம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யோகிச்சுக்குக் கீழேதான், அதில் மாற்றமில்லை. 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்கு 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட் (வளையத்தில் விழாத பந்தைப் பிடிப்பது), 10.2 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கும்படி கொடுத்த பந்து). ஒரு சென்டர் பருவம் முழுக்க ட்ரிபிள் டபுள், அதாவது மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி வைத்தது அதுதான் முதல் முறை. ஹக்கீமின் வாழ்நாள் அசிஸ்ட் சராசரி என்ன தெரியுமா? 2.5. பந்து அவர் கைக்குள் போனால் போனதுதான். கோவில் உண்டியல் மாதிரி.

முப்பத்துநாலு:
உண்டியலா! சரி, அசிஸ்ட் உங்களுக்கு. பிளாக் என்ன ஆயிற்று? யோகிச் ஆட்டத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. சென்டருக்கு வேலை இரண்டு பக்கமும் இருக்கிறது. 1990 மார்ச்சில் மில்வாக்கிக்கு எதிராக ஹக்கீம் எடுத்தது 18 புள்ளி, 16 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 11 பிளாக். நாலிலும் இரட்டை இலக்கம். அப்போது உண்டியல் திறந்திருந்தது போல.

ஆறாவது_ஆள்:
இரண்டு பேரும் எண்களை மட்டும் எறிகிறீர்கள். விதியைப் பாருங்கள். 2001 வரை என்பிஏவில் ஜோன் டிஃபென்ஸ், அதாவது ஆளைப் பின்தொடராமல் இடத்தைக் காப்பது, கிடையாது. ஹக்கீமுக்கு உதவித் தடுப்பு வர வேண்டும் என்றால், ஒருவன் தன் ஆளை விட்டுவிட்டு முழுதாக ஓடி வர வேண்டும். பாதி வழியில் நின்று ஏமாற்றினால் இல்லீகல் டிஃபென்ஸ் என்று விசில். அதனால் டபுள் டீம் (இரண்டு பேர் சூழ்வது) எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கு அப்படி இல்லை. பந்து உள்ளே போகும் முன்பே முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு இன்னொருவன். இந்த நெரிசலில்தான் யோகிச் பார்க்காமலே பந்து கொடுக்கிறார்.

முப்பத்துநாலு:
விதியில் பாதியை மட்டும் சொல்கிறீர்களே! ஜோனை அனுமதித்த அதே 2001-02ல்தான் தடுப்பாளன் பெயின்ட்டுக்குள் (வளையத்துக்கு முன்னால் உள்ள கட்டம்) மூன்று விநாடிக்கு மேல் சும்மா நிற்கக்கூடாது என்ற விதியும் வந்தது. மேலும் இன்றைக்குக் களம் எவ்வளவு விரிந்திருக்கிறது? 1993-94ல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்து த்ரீ (தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறி) முயன்றது. இப்போது 35ஐத் தாண்டிவிட்டது. வளையத்தைச் சுற்றி இவ்வளவு காலி இடத்தைக் கொடுத்து ஹக்கீமிடம் பந்தைக் கொடுத்தால் தடுப்பவன் நிலைமை என்ன?

கீழவீதி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கல்லூரி அணியில் நான்கு வருடம் சென்டர் ஆடியவன் நான். ஹக்கீமின் டிரீம் ஷேக் என்ற ஏமாற்று அசைவைப் பார்த்துப் பழகாத நாள் இல்லை. செய்து பார்த்தால்தான் தெரியும். வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பேஸ்லைன் (களத்தின் பின்கோடு) பக்கம் தோளை ஒரு வெட்டு. தடுப்பவன் அந்தப் பக்கம் சாய்ந்தால் நடுப்பக்கம் திரும்பி ஹுக், ஒரு கையால் தலைக்கு மேலாக எறிவது. அதற்கும் அவன் வந்துவிட்டால், எறிவதுபோல் காட்டி, அவன் குதித்ததும் அவனுக்குக் கீழே புகுந்து லேஅப், வளையத்தருகிலிருந்து போடுவது. ஒரு முடிவுக்குள் நாலு முடிவு. நான் செய்தபோதெல்லாம் நடுவர் கையைச் சுற்றினார். டிராவல், பந்தைத் தட்டாமல் அதிக அடி வைத்த குற்றம்.

அந்தக் கால்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் விஷயம். லாகோஸில் பையனாக இருந்தபோது அவர் ஹேண்ட்பாலும் கால்பந்தும் ஆடியவர், அதுவும் கோல்கீப்பர். கூடைப்பந்தைத் தொட்டதே பதின்பருவத்தின் நடுவில்தான். 1984 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுப்பது) முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஜோர்டான் மூன்றாவது.

மைல்_உயரம்:
கதை நன்றாக இருக்கிறது அண்ணா. ஆனால் 1988 முதல் 1991 வரை ராக்கெட்ஸ் நான்கு வருடம் தொடர்ந்து பிளேஆஃப் என்ற கோப்பைச் சுற்றுகளில் முதல் சுற்றிலேயே வெளியே போனது. 92ல் பிளேஆஃபுக்கே வரவில்லை. ஹக்கீம் அப்போது 25லிருந்து 29 வயது, உடம்பு உச்சத்தில் இருந்த காலம். கால்கள் அதே கால்கள்தானே? ஏன் தோற்றது? இரண்டு பேர் வந்து சூழ்ந்தாலும் அவரே எறிந்துகொண்டிருந்தார். யோகிச் இப்படி ஓர் அணியில் மாட்டினால், அந்த நாலு பேரையும் எறிபவர்களாக மாற்றிவிடுவார். 2014ல் 41வது ஆளாக எடுக்கப்பட்டவர், ஞாபகம் இருக்கட்டும்.

முப்பத்துநாலு:
இதற்கு நேர்மையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் ஹக்கீமுக்கு நம்பி வெளியே கொடுக்க ஆளில்லை, அவருக்கும் நம்பும் பழக்கம் இல்லை. இரண்டும் உண்மை. 1992 பிப்ரவரியில் ரூடி டாம்ஜனோவிச் பயிற்சியாளராக வந்தார். கென்னி ஸ்மித், வெர்னன் மாக்ஸ்வெல், ராபர்ட் ஹோரி, மாரியோ எலி என்று சுற்றிலும் எறிபவர்களை நிறுத்தினார். நடுவில் ஒரு பெரிய ஆள், வெளியே நாலு பேர். இன்றைக்கு டென்வர் ஆடும் ஆட்டத்தின் அப்பா அதுதான். அதில் ஹக்கீம் பந்தை வெளியே கொடுத்தார், இரண்டு கோப்பையும் வந்தது. கற்றுக்கொள்ள அவருக்குத் தாமதம் ஆயிற்று. ஆனால் கற்றுக்கொண்டார்.

அப்புறம் 1995. மேற்குப் பகுதி இறுதித் தொடர், எதிரே சான் அன்டோனியோவின் டேவிட் ராபின்சன். அந்த வருட எம்விபி கோப்பையை இரண்டாவது ஆட்டத்துக்கு முன் ராபின்சன் கையில் கொடுத்தார்கள். ஹக்கீம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவர் எடுத்தது 41 புள்ளி. தொடர் முழுக்கச் சராசரி 35.3. ஆறாவது இடத்தில் பிளேஆஃபுக்குள் நுழைந்த அணி அது. அடுத்து இறுதித் தொடரில் ஷகீல் ஓநீலின் ஆர்லாண்டோவை 4-0 என்று முடித்தார்கள்.

மைல்_உயரம்:
ராபின்சனைச் சொன்னால் நான் அப்போதைய லேக்கர்ஸ் ஆள் ஆன்தனி டேவிஸைச் சொல்வேன். 2023 மேற்குப் பகுதி இறுதி. இன்றைய தலைமுறையின் சிறந்த தடுப்பாளர்களில் ஒருவர் எதிரே நிற்க, யோகிச் ட்ரிபிள் டபுள் சராசரி, லேக்கர்ஸ் 4-0 காலி. அந்த பிளேஆஃபில் மொத்தப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் முதலிடம் அவருக்கே. அப்படிச் செய்த முதல் ஆள். உங்கள் மூன்று விருதுக்கு இது பதில்.

இன்னொன்று. ஹக்கீம் 18 பருவத்தில் போட்ட த்ரீ எத்தனை? 124 முயற்சியில் 25. யோகிச் 2024-25ல் மட்டும் 41 சதவீதத்துக்கு மேல்.

ஆறாவது_ஆள்:
அந்த 25 கணக்கு நியாயமில்லை. அன்றைக்கு சென்டர் வெளியே நின்று எறிந்தால் பயிற்சியாளர் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். பேஸ்லைனில் பின்னால் சாய்ந்துகொண்டு பதினைந்து அடியிலிருந்து அவர் எறிந்ததைப் பார்த்தவர்கள் கை சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். அதற்காக த்ரீ நிச்சயம் வந்திருக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

என் கவலை வேறு. பிளேஆஃபில் எதிரணி முதலில் தேடுவது சென்டரைத்தான். அவன் ஆளை வைத்து ஸ்கிரீன் போட்டு (உடலால் வழியை மறித்து), வேகமான கார்டு (பந்தைக் கொண்டுவரும் சிறிய ஆள்) முன்னால் அவனை இழுத்து வந்து நிறுத்துவார்கள். யோகிச்சை எத்தனை முறை இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று டென்வர் ரசிகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையும் மூளையும் வேகம்தான், திருடுகிறார், ரீபவுண்டை முடிக்கிறார். கால்தான் வராது.

முப்பத்துநாலு:
இதைத்தான் சொல்ல வந்தேன்! 1994 இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம். ராக்கெட்ஸ் 86, நியூயார்க் 84. தோற்றால் கோப்பை நியூயார்க்குக்கு. கடைசி விநாடிகள், நியூயார்க்கின் ஜான் ஸ்டார்க்ஸ் கையில் பந்து, நான்காம் கால்பகுதியில் கொதித்துக்கொண்டிருந்த மனிதர். அவர்கள் சென்டர் யூயிங் ஸ்கிரீன் போட, ஹக்கீம் யூயிங்கை விட்டுவிட்டு ஸ்டார்க்ஸை நோக்கி வெளியே வருகிறார். ஸ்டார்க்ஸ் த்ரீக்கு எழும்ப, ஹக்கீமின் விரல் நுனி பந்தைத் தொடுகிறது. அவ்வளவுதான். ஏழாவது ஆட்டம், கோப்பை. இன்றைக்கு எல்லா அணியும் சென்டரிடம் கேட்கும் வேலை இதுதான்.

மைல்_உயரம்:
அந்த ஒரு பிளாக்கை வைத்து எத்தனை வருடம் ஓட்டுவீர்கள்? சரி, தடுப்பில் ஹக்கீம் மேல். எழுதிவைத்துக்கொள்ளுங்கள், இனி சொல்ல மாட்டேன்.

கீழவீதி:
தலைவரே, சான் அன்டோனியோவின் இளம் சென்டர் வெம்பன்யாமாவே 2025 கோடையில் ஹூஸ்டன் போய் ஹக்கீமிடம் பயிற்சி எடுத்தார். 7 அடி 4 அங்குல ஆள், வெளியிலிருந்து த்ரீ போடுகிறவர், ஏற்கெனவே பிளாக்கில் முதலிடம். அவருக்கு எது குறைவு என்று அறுபதைத் தாண்டிய மனிதரிடம் போனார்? கேமரூனிலிருந்து வந்த இன்னொரு சென்டர் எம்பீட் ஆட்டம் கற்றதும் ஹக்கீமின் வீடியோவைப் பார்த்துத்தான்.

மைல்_உயரம்:
வாத்தியார் நல்லவர் என்பதற்கு அது சாட்சி. எம்பீடே இன்று வேறு மாதிரிதானே ஆடுகிறார்? யோகிச்சின் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கவே முடியாது, அதனால் யாரும் வரிசையில் நிற்கவில்லை. சரி, நேராகக் கேட்கிறேன். ஒரே களத்தில் இரண்டு பேர். யோகிச்சை யார் தடுப்பார்?

முப்பத்துநாலு:
ஹக்கீம்தான். யோகிச் 30 எடுப்பார், 12 அசிஸ்டும் கொடுப்பார். மறுக்கவில்லை. ஹக்கீமை உங்கள் அணியில் யார் தடுப்பார்?

மைல்_உயரம்:
ஆரன் கார்டன். டென்வர் எப்போதும் அப்படித்தான் செய்கிறது.

முப்பத்துநாலு:
6 அடி 8 அங்குலமா?

மைல்_உயரம்:
உயரத்தால் தடுக்க முடியும் என்றால் ராபின்சன் தடுத்திருக்க மாட்டாரா? 7 அடி 1.

முப்பத்துநாலு:
கீழவீதி, இவர் இப்போது யார் கட்சியில் பேசுகிறார்?