திப்பியில நார் எடுக்கப் போய் பசை காய்ச்சிட்டேன், எங்க தப்பு?

ஆத்தூர்க்காரன்:
எங்க சேகோ (ஜவ்வரிசி) ஆலையில குச்சிக்கிழங்குப் (மரவள்ளி) பால் எடுத்தது போக மிஞ்சுற திப்பி மாட்டுத் தீவனத்துக்குத்தான் போகுது. காய்ஞ்ச திப்பியில பாதிக்குப் பாதி மாவுச்சத்து நிக்குதாம். அதை என்சைம் விட்டுக் கரைச்சுட்டா மிச்சம் நார்தானே, பிஸ்கட்காரங்களுக்குக் கொடுக்கலாமேன்னு இறங்கினேன். காய்ஞ்ச திப்பி 1 கிலோ (லேசாப் புளிச்ச வாடை, வழக்கம்தான்), தண்ணி 4 லிட்டர். நல்லாக் கொதிச்சதும் மாவைக் கரைக்கிற ஆல்ஃபா அமைலேஸ் என்சைமை ஊத்தினேன். போஸ்டர் ஒட்டுற பசைதான் வந்துச்சு. துணியில வடியவே இல்ல. அயோடின் விட்டா கருநீலம், மாவு கரையாம அப்படியே நிக்குது. என்சைம் மட்டமா, நான் கெடுத்தேனா?

லேப்அக்கா:
என்சைமைத் திட்டாதீங்க தம்பி. அடைப்புக்குறிக்குள்ள போட்டீங்களே புளிச்ச வாடை, அங்கதான் சிக்கல். புளிச்ச திப்பியில பிஎச் (புளிப்பு ஏற ஏற இறங்குற அளவு) 4 பக்கம்கூட இறங்கிடும். சூடு தாங்குற அமைலேஸுக்கு 6 வாக்கில இருக்கணும், துளி கால்சியமும் வேணும். வெத்தலைச் சுண்ணாம்பு கரைச்சுத் தெளிஞ்ச தண்ணியைக் கொஞ்சங்கொஞ்சமா விட்டு பிஎச் தாள்ல பாருங்க, ரெண்டும் சேர்ந்தே முடிஞ்சிடும்.

மாவு 70 டிகிரிக்குள்ளயே வெந்து பசையாயிடும். அப்புறம் ஊத்தினா எங்க கலக்கும்? பச்சைத் தண்ணியிலயே பாதி என்சைமை விட்டுக் கிளறிக்கிட்டே சூடேத்துங்க, 90 வந்ததும் மீதி. தண்ணி பத்து லிட்டராவது வேணும்.

இன்னொண்ணு, சூட்டோட அயோடின் விட்டா மாவு இருந்தாலும் நீலம் தெரியாது. கரண்டியில எடுத்து ஆறவிட்டுப் பாருங்க. கருநீலம் செம்பழுப்பாகி, கடைசியில அயோடினோட மஞ்சள் மட்டும் நிக்கும்போது வடிங்க.

கூழ்மாமா:
வடியலைன்னு செல்லுலேஸ், பெக்டினேஸ் கலந்த பொடி எதையும் வாங்கிடாதீங்க. மாம்பழக் கூழுக்கு நாங்க போடுவோம், தண்ணியா ஓடும். உங்களுக்கு வேண்டிய நாரையே அது தின்னுடும்.

ஆத்தூர்க்காரன்:
அக்கா, வடிஞ்சிடுச்சு! வெந்நீர்ல மூணு தரம் அலசி உலர்த்தினேன், 340 கிராம். வடிச்ச தண்ணி இனிக்குது. அதோட நாரும் போயிருக்குமா?

லேப்அக்கா:
பெக்டின் மாதிரி கரையுற நார் போயிருக்கும். லேப்ல நாலு மடங்கு ஆல்கஹால் ஊத்தி அதைப் பிடிச்சுடுவோம், உங்களுக்குக் கட்டுப்படியாகாது. விடுங்க. பிஸ்கட்காரங்ககிட்ட போறதுக்கு முன்னாடி சயனைடு பார்த்துடுங்க. குச்சிக்கிழங்கு மாவுக்கே கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர விதி) வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். தோல்லதான் அது அதிகம், தோலோட அரைக்கிறீங்களா?

ஆத்தூர்க்காரன்:
சீவித்தான் அரைக்கிறோம். ஆனா அவசரத்துல அங்கங்க ஒட்டிக்கிட்டு வரும்க்கா, பொய் சொல்ல மாட்டேன். சாம்பிள் அனுப்பிட்டு வந்து சொல்றேன்.