திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது: ‘சாம்பிள் டேட்டாபேஸ்’, ‘ஆக்சஸ்’ இரண்டுக்கும் சொல் வேண்டும்

வியாழன் இரவு, திருமங்கலம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஓர் ஆய்வகக் கையேட்டைத் திங்கட்கிழமை காலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். எழுத வேண்டியதில் ஐந்து பக்கம் மட்டும் சொல் கிடைக்காமல் நிற்கிறது.

நான் மதுரைக்குத் தெற்கே ஒரு கல்லூரியில் ஆய்வகப் பயிற்றுநர். என் வகுப்பில் பாதிக்கு மேல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள். ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்தால் படத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். எதற்காக அழுத்தினோம் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதனால்தான் தமிழில் எழுதத் தொடங்கினேன்.

செய்முறை இது. அட்வென்ச்சர் ஒர்க்ஸ் என்பது மைக்ரோசாஃப்ட் கற்பனையாக உண்டாக்கிய மிதிவண்டி நிறுவனம். அதன் விற்பனைக் கணக்குத்தான் சாம்பிள் டேட்டாபேஸ், ஒரு காப்புக் கோப்பாகக் கிடைக்கிறது. அதை எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் மீட்டெடுக்க வேண்டும். அதன்மேல் ஒரு மாடலை, அதாவது கணக்கைப் பகுத்துப் பார்க்க வசதியான ஓர் அமைப்பை, கட்டி, அனாலிசிஸ் சர்வீசஸ் என்ற பகுப்பாய்வு சர்வரில் ஏற்ற வேண்டும். அப்புறம் யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் தொடலாம் என்று வரையறுக்க வேண்டும். இதைத்தான் ஆக்சஸ் என்கிறார்கள், அதற்கும் சொல் வேண்டும்.

முதல் சிக்கல், சாம்பிளுக்கும் மாதிரி, மாடலுக்கும் மாதிரி. ‘மாதிரித் தரவுத்தளத்தை மீட்டெடுத்து அதன்மேல் தரவு மாதிரியை உருவாக்குக’ என்று எழுதி ஒரு மாணவியிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து முதல் படியோடு நிறுத்திவிட்டாள்.

இரண்டாவது இன்னும் பெரிது. வருபவர் யாரென்று உறுதிசெய்வது ஆதென்டிகேஷன், அவர் எதைச் செய்யலாம் என்று உரிமை கொடுப்பது ஆதரைசேஷன். இரண்டுக்குமே ‘அங்கீகாரம்’ என்று எழுதிய பக்கங்களைப் பார்க்கிறேன். சென்ற ஆண்டு அந்தக் குழப்பத்தின் விலையைக் கொடுத்தேன். எங்கள் ஆய்வகத்தில் பிள்ளைகள் எல்லாரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில்தான் கணினிக்குள் நுழைவார்கள். அனாலிசிஸ் சர்வீசஸோ, கணினிக்கு அட்மினிஸ்ட்ரேட்டராக இருப்பவரைத் தனக்கும் நிர்வாகியாகவே எடுத்துக்கொள்ளும். நாமாகப் போய் மாற்றினால்தான் உண்டு. இது தெரியாமல் ‘வாசிக்க மட்டும்’ என்று ஒரு ரோல், அதாவது ஒரே உரிமைகள் கொண்ட பயனர் குழு, அமைத்து எல்லாரையும் அதில் சேர்த்தேன். ஒரு பையன் மொத்தத் தரவுத்தளத்தையும் அழித்துவிட்டான். “நீங்கதானே சார் வாசிக்க மட்டும்னு போட்டீங்க, அழியாதுன்னு நினைச்சேன்” என்றான். அவன்மேல் தப்பே இல்லை. சர்வர் அவனை யாரென்று எடுத்துக்கொண்டது ஒரு விஷயம், நான் அவனுக்கு அளந்து கொடுத்தது இன்னொரு விஷயம். அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல்.

சர்வருக்கு வழங்கியா சேவையகமா என்ற பழைய வழக்கை இப்போது எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கையேட்டில் நான் வழங்கி என்றே எழுதுகிறேன்.

*

வெள்ளி காலை, திருநகர்

அன்புள்ள தம்பி,

நாற்பது ஆண்டு தமிழ் நடத்தியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். கணினி எனக்குத் தெரியாது. நீ எழுதியதில் சொல்லின் வேலை மட்டும் நன்றாகப் புரிகிறது.

சாம்பிளுக்குப் ‘பதம்’ இருக்கிறதே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று படிக்காதவரும் சொல்வார். ‘பதத் தரவுத்தளம்’ என்று வை. மாதிரியை மாடலுக்கு விட்டுவிடு.

ஆக்சஸுக்கு எல்லாரும் ‘அணுகல்’ என்கிறார்கள். தொழிற்பெயர்தான், தப்பில்லை. ஆனால் ‘அணுக்கம்’ என்றால் அதற்கு ஒரு வரலாறே கிடைக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் அணுக்கன் திருவாயில் இருக்கிறது. தில்லையின் திருவணுக்கன் திருவாயிலைச் சேக்கிழார் பாடுகிறார். யார் எவ்வளவு நெருங்கலாம் என்ற கருத்தை நம் கட்டடக் கலையே வாசலாக வைத்துக் கட்டியிருக்கிறது. அண் என்ற வேரைப் பார். அண்மை, அண்டை, அண்டுதல், அணைதல், அணவுதல், எல்லாம் அங்கிருந்து கிளைத்தவை.   

உன் இரண்டாவது சிக்கலுக்கு மதுரையிலேயே விடை உண்டு. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடு. கண்ணகி வாயிலோனிடம் நிற்கிறாள். அவன் உள்ளே போய் வந்திருப்பவளைப் பற்றிச் சொல்கிறான். பாண்டியன் ‘வருக’ என்கிறான். ஆளைச் சொல்பவன் ஒருவன், இசைவு தருபவன் ஒருவன். முதலாவதை ‘மெய்யறிதல்’ என்றும் இரண்டாவதை ‘இசைவு’ என்றும் எழுது.

*

வெள்ளி இரவு, மேலூர்

அம்மாவுக்கு வணக்கம். நான் இந்த சர்வர்களோடு பத்து வருடமாக வேலை பார்ப்பவன், அதனால் மூன்று இடத்தில் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதம் இங்கே பொருந்தாது. பானை இருந்தால்தான் பதம் பார்க்க முடியும். அட்வென்ச்சர் ஒர்க்ஸுக்குப் பானையே இல்லை. அப்படி ஒரு நிறுவனம் கிடையாது, அந்த மிதிவண்டியை யாரும் வாங்கவில்லை. புள்ளியியலில் வருகிற சாம்பிள்தான் பெரியதிலிருந்து எடுத்த ஒரு கூறு. இது பழகுவதற்காகவே செய்து வைத்தது. இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் தமிழிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கண்ணகி காட்சியில் வரிசை தலைகீழாக இருக்கிறது. வாயிலோனுக்கு அவள் யாரென்றே தெரியாது. கொற்றவை அல்லள் என்று தொடங்கி, யாரெல்லாம் இல்லை என்பதைத்தான் அடுக்குகிறான். அரசன் உள்ளே வரச் சொல்கிறான். அவள் வந்து நின்ற பிறகே ‘யாரையோ நீ’ என்று கேட்கிறான். அனுமதி முதலில், ஆளைத் தெரிந்துகொள்வது பிறகு. எந்த சர்வராவது இப்படி நடந்தால் அதை அன்றைக்கே நிறுத்திவிடுவோம். ‘மெய்யறிதல்’ என்றால் பிள்ளைகளுக்கு மெய்யுணர்தல் அதிகாரம்தான் நினைவுக்கு வரும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அணுக்கம் என்பது மன்னனுக்கு வேண்டியவர்களின் சொல். நெருங்க விடப்பட்டவர்களின் சொல். மதுரையில் ஆக்சஸ் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது 1939 ஜூலை 8. சாதியால் கோயிலுக்குள் விடப்படாதிருந்தவர்களை, எங்கள் வட்டத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் உள்ளிட்டவர்களை, அழைத்துக்கொண்டு வைத்தியநாத ஐயர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போன நாள். அதைத் தொடர்ந்து சென்னை மாகாணம் அதே ஆண்டு கொண்டுவந்த சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘ஆதரைசேஷன்’ என்ற சொல் இருக்கிறது. தமிழில் மக்கள் அதை எப்படிச் சொன்னார்கள்? கோயில் நுழைவு. நுழைவு என்ற சொல்லை இந்த ஊர் போராடி வாங்கியிருக்கிறது. ‘நுழைவுரிமை’ என்று எழுதுங்கள். தாத்தா கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்ட பிள்ளைகள் என் சொந்தத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அணுக்கம் என்ற சொல்லை நான் கற்றுக்கொடுக்க மாட்டேன்.

*

சனி காலை, வாடிப்பட்டி

பெரியவர்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம். நான் முப்பது வருடத்துக்கு மேல் பத்திரம் எழுதியவன். உங்கள் பேச்சைப் படித்ததும் எங்கள் தொழிலைத்தான் பேசுகிறீர்கள் என்று தோன்றியது.

நிலம் விற்கும்போது நிலத்தை மட்டும் எழுத மாட்டோம். வழிநடைப் பாத்தியம் எழுதுவோம். எந்த வரப்பு வழியாக, எத்தனை அடி அகலத்தில், ஆள் மட்டும் போகலாமா, வண்டி போகலாமா, மாடு ஓட்டலாமா. கிணறு பொது என்றால் யாருக்கு எந்த முறையில் தண்ணீர் என்று அதற்கும் பாத்தியம் எழுதுவோம். இதை எழுதாமல் விட்ட பத்திரத்தால் அண்ணன் தம்பி கோர்ட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். தம்பி சொல்லும் ரோல் இதுதானே? நுழைவுரிமை என்றால் உள்ளே விட்டதோடு நின்றுபோகிறது. உள்ளே போன பிறகு எதைத் தொடலாம் என்பதற்குப் பாத்தியம்தான் சொல்.

ஆதென்டிகேஷனுக்குச் சிலப்பதிகாரம் வேண்டாம், பதிவு அலுவலகம் போதும். சார்பதிவாளர் முன்னால் இரண்டு சாட்சிகள் ‘இவர் இன்னார்தான்’ என்று அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போடுவார்கள். பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பது வேறு விஷயம். ஆளை அறிவது ஒன்று, பாத்தியம் கொடுப்பது ஒன்று. முதலாவதை ‘ஆளறிதல்’ என்று சொன்னால் யாருக்குப் புரியாது?

*

சனி மதியம், திருநகர்

வாடிப்பட்டி ஐயா சொன்ன வழிநடைப் பாத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பாத்தியம் வடசொல். ஒரு கையேட்டுக்குப் புதிதாக ஒரு சொல்லை உள்ளே கொண்டுவரும்போது நம் வேரிலிருந்து எடுக்க வேண்டாமா? அங்கீகாரம், அனுமதி, அதிகாரம் மட்டும் என்ன என்று கேட்பீர்கள். தெரியும். தொல்காப்பியத்தின் மூன்று பகுதிகளுக்கே அதிகாரம் என்றுதான் பெயர். வடவெழுத்தை நீக்கி நம் எழுத்தில் எழுதினால் வடசொல்லும் ஏற்கத்தக்கது என்று விதி செய்தவரும் தொல்காப்பியரே. இருந்தும், இருப்பதை ஏற்பது வேறு, தேடிப் போய் எடுப்பது வேறு என்பதில் நான் மாறவில்லை.

மேலூர்த் தம்பி அணுக்கத்தைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கண்ணகி காட்சியில் அவர் காட்டிய வரிசையும் சரி. எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன், அந்தக் கேள்வியை இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை.

*

சனி இரவு, உசிலம்பட்டி

சார், வணக்கம். உங்களிடம் இரண்டு வருடம் முன்பு படித்தவள். முன்பு ஒரு கையெழுத்துப் பிரதியில் நீங்கள் ‘பயிற்சித் தரவுத்தளம்’ என்று எழுதியிருந்தீர்கள். அது வேண்டாம். அதே பருவத்தில் இயந்திரக் கற்றல் தாளில் ‘பயிற்சித் தரவு’ வருகிறது. அங்கே பழகுவது இயந்திரம், இங்கே பழகுவது நாங்கள். தேர்வில் நிச்சயம் குழம்பும்.

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது பழகுநர் உரிமம் வாங்குகிறோம். அதேபோல் ‘பழகு தரவுத்தளம்’ என்று வைக்கலாமா?

*

ஞாயிறு காலை, திருநகர்

வினைத்தொகை! ஊறுகாய், சுடுசோறு போல. நடுவில் வல்லினம் மிகாது, ‘பழகுத் தரவுத்தளம்’ என்று யாரும் திருத்திவிடாமல் பார்த்துக்கொள். பழகிய, பழகுகிற, பழகும் என்று மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல், தம்பி.

*

ஞாயிறு மதியம், மேலூர்

பழகு தரவுத்தளம் எனக்கும் பிடிக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகள் ஆறு மாதத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போவார்கள். ‘சாம்பிள் டேட்டாபேஸ்’ என்று தமிழ் எழுத்திலாவது முதல் இடத்தில் ஒரு முறை எழுதுங்கள்.

‘ஆளறிதல்’ பற்றி ஒரு மறுப்பு. சர்வருக்கு வருவதெல்லாம் ஆள் இல்லை. அனாலிசிஸ் சர்வீசஸ், தான் இயங்கும் கணக்கான சேவைக் கணக்கின் பெயரில் எஸ்கியூஎல் சர்வருக்குப் போய்த் தரவைக் கேட்கும்படி அமைத்திருந்தால், அந்தக் கணக்குக்கு அங்கே வாசிக்கும் உரிமை கொடுக்க வேண்டும். மறந்தால் பிராசஸ் செய்யும்போது, அதாவது மாடலுக்குள் தரவை ஏற்றும்போது, பிழை வரும். முதல் நாள் வகுப்பில் பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். அங்கே கதவைத் தட்டுவது ஒரு நிரல். அதை ஆள் என்று எப்படிச் சொல்வது?

*

ஞாயிறு இரவு, திருமங்கலம்

எல்லாருக்கும் நன்றி. காலையில் கொடுக்கப் போவதை எழுதுகிறேன்.

பழகு தரவுத்தளம் நிற்கிறது. மேலூர்த் தம்பி கேட்டபடி முதல் பக்கத்தில் சாம்பிள் டேட்டாபேஸ் என்றும் ஒரு முறை வரும். மாடலுக்கு இப்போதைக்கு ‘மாதிரி’யையே வைத்துக்கொண்டேன். அதற்கும் நல்ல சொல் தேட வேண்டும், இந்த வாரம் முடியாது.

ரோலுக்குப் ‘பொறுப்பு’ என்று எழுதுகிறேன். பங்கு என்றால் பிள்ளைகள் பங்காளியையும் பங்குச்சந்தையையும் நினைக்கிறார்கள்.

ஆதென்டிகேஷனுக்கு ஆளறிதல். நிரலும் ஒரு கணக்கின் பெயரில்தான் வருகிறது, அந்தப் பெயரைத்தான் அறிகிறோம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். நாம் நிறுவும் பதிப்பில் அனாலிசிஸ் சர்வீசஸ் தானாக ஆளறிவதில்லை, விண்டோஸ் சொல்வதையே நம்புகிறது. வாடிப்பட்டி ஐயா சொன்ன இரண்டு சாட்சிகளை அங்கே எழுதினேன், அந்தப் பத்தி தானாக வந்து உட்கார்ந்தது.

ஆதரைசேஷனுக்கு ‘உரிமையளிப்பு’. பாத்தியம் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், நிலம் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அது தெரிந்திருந்தது. நிலமே இல்லாத வீட்டிலிருந்து வருகிறவர்கள்தான் பாதிப் பேர். அதனால் சொல்லாக வைக்காமல் விளக்கமாக வைத்தேன். வண்டி போகலாம், மாடு ஓட்டக் கூடாது என்ற பாதையைச் சொல்லிவிட்டு, பிராசஸ் உரிமை மட்டும் உள்ளவர் புதுத் தரவை ஏற்றலாம், ஆனால் அந்தத் தரவைப் பார்க்க முடியாது என்று தொடர்கிறேன்.

ஆக்சஸுக்கு ‘அணுகல்’. தனி மடலில் கேட்டதில் ஏழு பேர் அணுகல், மூன்று பேர் நுழைவுரிமை. எனக்கு நுழைவுரிமை மேல்தான் மனம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் தங்கள் கைபேசியின் தமிழ் அமைப்புகளில் அணுகல் என்ற சொல்லைத்தான் பார்க்கிறார்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழையக் கூடாது, ஒவ்வொருவருக்கும் தனி விண்டோஸ் கணக்கு என்பதை முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டு எழுதிவிட்டேன்.

*

ஞாயிறு இரவு, மேலூர்

சரி. ஏழு பேர் சொன்னதை ஏற்கிறேன். அடுத்த பதிப்பு எப்போது என்று மட்டும் சொல்லுங்கள், நுழைவுரிமையை மறுபடி எடுத்துக்கொண்டு வருகிறேன்.