மறுமொழி: முன்கோளாறு – செல்லப்பிராணிக் காப்பீட்டுப் படிவத்துக்கு ஒரு சொல்

குழு அன்பர்களுக்கு வணக்கம். பாலிசி தொடங்கும் முன்பே இருந்ததாகச் சொல்லி இழப்பீடு மறுக்கப்படும் உடல்நலப் பிரச்சினையை ஆங்கிலத்தில் ‘pre-existing condition’ என்கிறார்கள். செல்லப்பிராணிக் காப்பீட்டுப் படிவத்தில் அதற்குத் தமிழில் என்ன சொல் போடுவது என்பதுதான் நம் கேள்வி.

மனிதர்களுக்கான பாலிசியில் ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்றுதானே இருக்கிறது, நாய்க்கும் பூனைக்கும் அதுவே போதும் என்று நேற்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தொடரில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை ‘உள்ள’. ‘ஏற்கெனவே உள்ள நோய் ஏதும் உண்டா?’ என்று படிவம் கேட்டால், கும்பகோணத்தில் எங்கள் தெருவில் லேப்ரடார் வளர்ப்பவர் முதலில் நாயைத்தான் பார்ப்பார். அது வாலாட்டிக்கொண்டு நிற்கும். ‘இல்லை’ என்று எழுதிவிடுவார். அப்படித்தான் எழுதினார். பிறகு இடுப்பு மூட்டுத் தேய்வு என்று சிகிச்சைச் செலவைக் கேட்டபோது, தடுப்பூசி அட்டையைக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த அட்டையை நானும் பார்த்தேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் ஒட்டுச்சீட்டுக்குக் கீழே, குட்டியாக இருந்தபோது மருத்துவர் கிறுக்கியது: ‘வலது பின்காலைத் தாங்கி நடக்கிறது, வலி மருந்து 3 நாள்.’ அந்த ஒரு வரியைக் காட்டி, பாலிசிக்கு முன்பே இருந்த சங்கதி என்று இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள். மனிதர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதினார்.

பாலிசி கேட்பது இன்று உடம்பில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமல்ல, பாலிசி தொடங்கும் நாளுக்கு முன்னால் எதன் தடயமாவது தென்பட்டதா என்பதையும்தான். அமெரிக்க மாநிலங்களின் காப்பீட்டு ஆணையர் சங்கம் 2022இல் செல்லப்பிராணிக் காப்பீட்டுக்கென்று ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டது. அதன் வரையறைப்படி, பாலிசி தொடங்கும் முன்போ காத்திருப்புக் காலத்திலோ (பாலிசி தொடங்கியும் இழப்பீடு கிடைக்காத ஆரம்ப நாட்கள்) மருத்துவர் ஆலோசனை சொல்லியிருந்தாலும், சிகிச்சை நடந்திருந்தாலும், தொடர்புடைய அறிகுறி இருந்ததாக நம்பத்தக்க பதிவு இருந்தாலும் போதும். நோய்க்குப் பெயர் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. அதே சட்டம் நிரூபிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பாலிசியில் ஏற்றுக்கொண்ட நோயைப் புதுப்பிக்கும்போது ‘இது பழசு’ என்று தள்ளவும் முடியாது.

நம் பக்கத்து நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சலையே பாருங்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியாவால் வந்ததாக இருந்தால், முதல் காய்ச்சல் தணிந்தபின் மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. தின்னும், விளையாடும். திடீரென்று ஒருநாள் மூக்கில் ரத்தம் வடியும். பாலிசி எடுத்த அன்று அந்த நோய் ‘உள்ளதா’ என்றால் ரத்தத்தில் உள்ளது, வீட்டாருக்குத் தெரியாது. போன வருடம் உண்ணி எடுத்ததாகவோ காய்ச்சலுக்கு ஊசி போட்டதாகவோ அட்டையில் ஒரு வரி இருந்தால் சிக்கல் தொடங்கிவிடும்.

இரண்டாவது ஓட்டை ‘நோய்’. பிறவியிலேயே வளைந்த கால், ஆறிய எலும்பு முறிவு, ஒவ்வாமை இவையெல்லாம் விலக்கில், அதாவது பணம் தராதவற்றின் பட்டியலில், வருகின்றன. ‘நோய்’ என்றால் யாருக்கும் இவை நினைவுக்கு வராது.

இதுவரை குழுவில் வந்த சொற்களில் ‘பழம்பிணி’ படிக்க அழகு, படிவத்தில் சிரிப்பு வரும். ‘முன்நிலை’ ஆட்சியர் முன்னிலையில் நடக்கும் கூட்டம் மாதிரி ஒலிக்கிறது. ‘முன்குறை’ எனக்குப் பிடித்தது. சந்தையில் மாடு பிடிப்பவரும் ‘குறை ஏதும் இருக்கா?’ என்றுதான் கேட்கிறார். ஆனால் காப்பீட்டுத் துறையில் புகார்களை விசாரிக்கும் ‘குறைதீர்ப்பாளர்’ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். முன்குறை என்றால் முன்பு கொடுத்த புகார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை ‘முன்கோளாறு’. இதயக் கோளாறு, பிறவிக் கோளாறு, தோல் கோளாறு என்று எல்லார் வாயிலும் இருக்கும் சொல். ‘முன்’ என்பது பாலிசிக்கு முன் என்று வரையறையில் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். தீர்ந்த முன்கோளாறு, தீராத முன்கோளாறு என்று பிரிக்கவும் வசதி. சில வெளிநாட்டு நிறுவனங்கள், தீரக்கூடிய கோளாறு குறிப்பிட்ட காலம் அறிகுறியே இல்லாமல் இருந்தால் விலக்கை நீக்குகின்றன. காத்திருப்புக் காலம் இப்போதே புழக்கத்தில் இருப்பதால் அதைத் தொட வேண்டாம்.

*

தம்பிக்கு,

ஒரத்தநாடு பக்கம் கால்நடை உதவி மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். மாட்டுக் காப்பீட்டில் இவ்வளவு வம்பு கிடையாது. அடையாளத்துக்குக் காது வில்லை போடும் அன்று மாட்டைப் பார்த்து, மதிப்புப் போட்டு, ஆரோக்கியச் சான்று கொடுப்போம். முதல் 15 நாளில் நோய் கண்டு செத்தால் பணம் இல்லை. விபத்து என்றால் உண்டு. வில்லை இல்லாவிட்டால் எதுவும் இல்லை. மாடு இறந்தால்தான் பெரும்பாலும் பணம் என்பதால் பழைய கதையைக் கிளறும் வேலை ஒரு தடவையோடு முடியும். நாய்க்குச் சிகிச்சைச் செலவும் தருகிறார்கள் என்றால் ஒவ்வொரு பில்லுக்கும் கிளறுவார்கள்.

சொல் சரிதான். ஆனால் ஒரு கேள்வி. நாய்க்கு ஒரு முழங்காலில் தசைநார் அறுந்தால் மற்றதிலும் அறுவது சகஜம். இடது கால் பாலிசிக்கு முன்பே போயிருந்தால் வலது காலுக்கும் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் போட்டிருக்கிறான். வலது காலில் அன்றைக்கு ஒரு கோளாறும் இல்லையே. அதை எப்படி முன்கோளாறு என்பாய்?

*

ஐயா,

சொல்ல மாட்டேன். அதற்குத் தனிச்சொல்லே வேண்டும்; இரட்டையாக உள்ள உறுப்புகளில் ஒன்று முன்பே கெட்டிருந்தால் மற்றதற்கும் பணம் இல்லை என்பதை ‘இணையுறுப்பு விலக்கு’ என்று வைக்கலாம். முழங்காலோடு இடுப்பு, கண், காது எல்லாம் அதில் அடங்கும். முன்கோளாற்றின் கீழ் ஒளித்துவைக்காமல் தனி வரியாகப் போட்டால்தான் படிப்பவர் கண்ணில் படும்.

இன்னொன்று. மனிதர்களுக்கான காப்பீட்டில் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம் காத்திருந்தால் பழைய நோய்க்கும் கிடைக்கும் என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. நாய் பாலிசிக்கு அந்த வரம்பு கிடையாது. இரண்டுக்கும் ஒரே தொடரைப் போட்டால் மூன்று வருடம் பிரீமியம் கட்டிவிட்டு வந்து நிற்பார்கள். அதனாலும் வேறு சொல் நல்லது.

படிவக் கேள்வியை இப்படி மாற்றியிருக்கிறேன், திருத்திக் கொடுங்கள்: ‘இந்தப் பாலிசி தொடங்கும் நாளுக்கு முன் உங்கள் பிராணிக்கு நோய், காயம், நொண்டல், ஒவ்வாமை, பிறவிக் கோளாறு எதற்காவது மருத்துவரிடம் காட்டியதுண்டா? இப்போது குணமாகியிருந்தாலும் எழுதவும்.’