தற்சார்பு வாழ்க்கை: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

மேட்டுநிலம்:
வேலையை விட்டுவிட்டு நிலம் வாங்கப் போவதாகச் சொல்லும் நண்பர்கள் தவறாமல் கேட்பது, முதலில் என்ன படிக்க வேண்டும் என்பதுதான். என் பரிந்துரை மூன்று நூல்கள். முதலாவது ஜப்பானிய விவசாயி மசானபு ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’. ஜப்பானில் 1975-இல் வந்த நூல். தமிழில் பூவுலகின் நண்பர்கள் கொண்டுவந்தார்கள். இரண்டாவது, பெர்மாகல்ச்சர் எனும் நிரந்தர வேளாண்மை வடிவமைப்புக்கு பில் மாலிசன் 1988-இல் எழுதிய பெரிய கையேடு. வீட்டு வாசலிலிருந்து காடு வரை நிலத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து, அடிக்கடி கைபடுவதை அருகிலும் எப்போதாவது பார்ப்பதைத் தொலைவிலும் வைக்கச் சொல்கிறவர் அவர். மூன்றாவது, காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா சிறையில் இருந்தபோது எழுதி 1945-இல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல்.

உழவு வேண்டாம், உரம் வேண்டாம், களையெடுப்பு வேண்டாம், பூச்சிக்கொல்லி வேண்டாம் என்கிறார் ஃபுகோகா. இந்த நான்கு செலவையும் விட்டொழித்தால் டெல்டா விவசாயி கடனிலிருந்து மீளலாம். வாசிக்க மனம் வேண்டும், அவ்வளவுதான்.

காவிரிக்கரை:
அந்தப் புத்தகத்தை நானும் படித்திருக்கிறேன். பிடிக்கவும் செய்தது. ஆனால் அதைக் காட்டி எங்களுக்குக் கடன் தீர்க்கும் வழி சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர் முறைக்கு உயிர்நாடி வைக்கோல். அறுத்த நெல்லின் வைக்கோலை நறுக்காமல் அப்படியே வயலில் திரும்பப் பரப்புகிறார். எங்கள் ஊரில் வைக்கோல் என்பது மாட்டுத் தீவனம். மாடில்லாத வீட்டில் அது ரொக்கம். அறுவடை இயந்திரம் வரப்பேறும் முன்பே வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்து காத்திருக்கிறது. கட்டுகள் லாரி ஏறிக் கேரளா வரைக்கும் போகின்றன. குத்தகை, கூலி, உரக்கடை பாக்கி எல்லாம் போனபின் சில வருடங்களில் கையில் தங்குவது அந்த வைக்கோல் காசு மட்டும்தான். அதை வயலிலேயே போட்டுவிடு என்று வாசிக்க மனமுள்ளவர்கள் வந்து சொல்கிறார்கள்!

உரமில்லை என்பதும் முழுக் கதை அல்ல. வைக்கோல் மக்குவதற்குக் கோழி எரு போட்டதை அவரே எழுதுகிறார். அவருடைய நெல் வயல் ஒன்றேகால் ஏக்கர். மலைச்சரிவில் ஆரஞ்சுத் தோட்டம் பன்னிரண்டு ஏக்கருக்கும் மேல். நெல்லில் சோதனை செய்து பார்க்க அந்தத் தோட்டம் தந்த தெம்பு எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

இன்னொன்று. நெற்பயிர் நிற்கும்போதே அடுத்த பயிரின் விதையை வீசுவதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்கிறார்கள். தை மாதத்தில் இந்தப் பக்கம் வந்து பாருங்கள். சம்பா கதிர் முற்றி, தண்ணீரை வடித்து, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் உளுந்தைத் தெளிப்போம். உழவு கிடையாது, உரம் கிடையாது, பாய்ச்சலும் கிடையாது. அறுப்பு ஆட்கள் நடந்து போனால் அமுங்கிய முளை மறுநாள் நிமிர்ந்துவிடும். மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து அது காய்க்கும். கோடைச் செலவுக்கு அதுதான் பணம். இப்போது அறுக்க ஆள் கிடைப்பதில்லை. இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் ஓடிய தடத்தில் முளை நசுங்கிப் பட்டை பட்டையாக வெறும் மண்தான் தெரிகிறது. எங்களுக்குத் தெரிந்த ஃபுகோகா முறை கூலி ஆள் பற்றாக்குறையில் அடிபட்டுக் கிடக்கிறது. இதற்கு எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது?

மேட்டுநிலம்:
ஐயா, உளுந்து உதாரணம் என் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது. உழாமல் விளையும் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஃபுகோகாவைச் செய்முறைக் குறிப்பாகப் படிப்பதுதான் கோளாறு. அப்பாவின் ஆரஞ்சு மரங்களைக் கவாத்து செய்யாமல் சும்மா விட்டு, நூற்றுக்கணக்கில் சாகக் கொடுத்தவர் அவர். அதை மறைக்காமல் எழுதியவர். சும்மா விடுவது வேறு, இயற்கையோடு இசைவது வேறு என்று அந்த இழப்பிலிருந்து பிரித்துக் காட்டுகிறார். எனக்கு அந்தப் பக்கங்கள்தான் புத்தகமே.

கூலி ஆள் இல்லை என்பது ஃபுகோகாவின் குற்றம் அல்ல. ஊர் தன் தேவையை ஊருக்குள்ளேயே செய்துகொண்டால் ஆட்கள் ஏன் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகப் போகிறார்கள்? அதற்குத்தான் மூன்றாவதாகக் குமரப்பா.

செங்கை:
ஏன் போகிறார்கள் என்று உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறீர்களா? பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் சாதி கேட்காத இடத்துக்குப் போகிறார்கள்.

தன்னிறைவுள்ள ஊர் என்று நீங்கள் எழுதும்போது என் கண்ணில் படுவது, செத்த மாட்டைத் தூக்கவும் பறையடிக்கவும் ஊருக்கு வெளியே சிலரை நிறுத்தி வைத்திருந்த ஏற்பாடு. எல்லாத் தேவையும் ஊருக்குள்ளேயே நிறைவேறியது, உண்மைதான். யாரை வைத்து என்பதுதான் கேள்வி. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமம் என்பது வட்டாரக் குறுகல் தேங்கிய சாக்கடை, அறியாமையின் குகை என்ற பொருளில் பேசினார். உங்கள் பட்டியலில் முதலில் அந்த உரை இருக்க வேண்டும். நான் கேலிக்காகச் சொல்லவில்லை.

நிலம் வாங்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் தந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களைப் பஞ்சமி நிலம் என்கிறோம். அவற்றில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. உங்கள் பண்ணை வீட்டுக்கு அடியில் இருப்பது எந்த நிலம் என்று பத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு மண்டலம் பிரியுங்கள்.

மேட்டுநிலம்:
என் பத்திரம் சுத்தமானது. அது இருக்கட்டும், குமரப்பாவை இந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். லண்டனில் கணக்காயம் படித்து, கொலம்பியாவில் பொருளாதாரம் படித்து, குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் வரவுசெலவைக் கணக்கெடுத்தவர். பழைய ஊரை அப்படியே வைத்திருங்கள் என்று அவர் சொல்லவில்லை. 1949-இல் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். இடைத்தரகர்களை ஒழிக்க வேண்டும், நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும், உழுகிறவனுக்கே நிலம் என்று சொன்னது அந்த அறிக்கை.

செங்கை:
அப்படியானால் பட்டியலில் அந்த அறிக்கையைப் போட்டிருக்கலாமே? குமரப்பாவிடம் தேனீயும் தாய்ப்பறவையும் வருகிற நூலைப் போட்டீர்கள், உச்சவரம்பு வருகிற அறிக்கையை விட்டுவிட்டீர்கள். இப்படித் தேர்ந்தெடுப்பதைத்தான் சொல்கிறேன்.

வடலி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் தற்சார்பை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை எங்களுக்கு அதைப் படிப்பித்தது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சைக்கிள் வால்வுக் குழாய்க்குள்ளால் திரி எடுத்துச் சொட்டு எண்ணெயில் விளக்கு எரித்தோம். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் சோதனைக்குப் படித்தார்கள். யூரியாவும் தடைப் பட்டியலில் இருந்தது. வேலிப் பூவரசிலும் கிளுவையிலும் குழை வெட்டித் தாழ்த்தினோம், பனையோலையைத் தோட்டத்து மண்ணுக்குள் புதைத்தோம். எங்கள் பாட்டன் காலத்து வழக்கம் அது. மறந்து போகாமல் இருந்ததால் கைகொடுத்தது. ஆனால் பாதை திறந்தவுடன் எல்லோரும் பசளைக் கடைக்குத்தான் ஓடினார்கள். வற்புறுத்தி வந்த தற்சார்பை ஒருவரும் விரும்பி வைத்திருக்கவில்லை.

2021 மே மாதம் கொழும்பு அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. நவம்பரில் திரும்பப் பெற்றது. அதற்கிடையில் நெல்லும் தேயிலையும் பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். அதை வைத்து இயற்கை வேளாண்மையே பொய் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். தோட்டத்தில் அள்ளிக் கொட்டிய யூரியா நேரே கிணற்றுக்குள் இறங்கி, குடிதண்ணீரில் நைத்திரேற்று கூடிப் போயிருக்கிறது. பசளையைக் குறைக்கத்தான் வேண்டும். ஒரு போகத்தில் அல்ல, மண்ணுக்குத் தவணை கொடுத்து. இதைச் சொல்லும் நூல் இருந்தால் தாருங்கள், மற்றவற்றைப் பிறகு பார்க்கிறேன்.

காவிரிக்கரை:
வடலி சொல்வதுதான் எனக்கும் வேண்டும். மானாவாரி மண்ணைத் தெரிந்து பேசியவர் என்பதால் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரை இந்த வரிசையில் காணாதது எனக்கு வியப்பு. 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்து, மழையை நம்பியிருக்கும் விவசாயிக்கு அங்கே செய்வது பயன்படாது என்று வெளியே வந்தவர். ‘உழவுக்கும் உண்டு வரலாறு’ படித்தால் போதும், ஃபுகோகாவின் ஷிகோகு தீவு வரை போக வேண்டியதில்லை.

மேட்டுநிலம்:
நம்மாழ்வாரைத் தனியாகச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தேன். இங்கே எல்லோரும் படித்திருப்பார்கள். அவரே ஃபுகோகாவை மேடைதோறும் சொன்னவர்தானே? வரிசையை நான் மாற்றுவதாக இல்லை. செங்கை கேட்ட 1949 அறிக்கையை நான்காவதாகச் சேர்க்கிறேன். மாலிசனைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

காவிரிக்கரை:
திறக்கிறேன். அந்தக் கையேட்டின் அடித்தளமே மரம். பலா, முருங்கை, அகத்தி, அதன் நிழலில் அடுத்தது என்று பல வருடம் காத்திருந்து எடுக்கிற விளைச்சல். எங்கள் தெருவில் பாதிப் பேர் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் குத்தகைக்கு உழுகிறவர்கள். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இலும், குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969-இலும் வந்துவிட்டன. ஆனாலும் நிறையப் பேருடையது இன்னும் வாய்மொழிக் குத்தகைதான். அந்த நிலத்தில் ஒரு தென்னங்கன்று வைத்துப் பாருங்கள், சொந்தம் கொண்டாடப் பார்க்கிறான் என்று மறு வாரமே ஆள் வரும். வரப்பில் நாலு ஆமணக்கு போடுவதற்கே யோசிக்கிறோம். நிரந்தர வேளாண்மை என்றால் முதலில் நிலம் நிரந்தரமாக இருக்க வேண்டாமா?

செங்கை:
1949 அறிக்கையில் குத்தகைதாரர் பற்றிய பகுதியை யாராவது தமிழில் சுருக்கி எழுதினால் அச்சுச் செலவை நான் ஏற்கிறேன். மேட்டுநிலம், நீங்கள்தான் படித்தவர். எழுதுவீர்களா?

மேட்டுநிலம்:
எழுதலாம். ஆனால் காவிரிக்கரை ஐயா முதலில் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.

காவிரிக்கரை:
தாளடி அறுப்பு முடியட்டும். மாசிக்குப் பிறகு அனுப்புங்கள்.